பெண்கள் பக்கம், மூன்றாவது தூண்

இராமநாதபுரம்
22.4.1968

செபஸ்தியானுக்கு,

"வாசிக்காமல் சும்மா நிற்கும்போதும் ஒரு கித்தார் ஏன் சத்தம் போடுகிறது?" என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒலியும் மின்சாரமும் நடத்துகிறேன். ஆனால் மின்சாரக் கித்தாரைப் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துபோன செய்தி என்று நினைத்தேன். பதினோரு வருடம் கழித்து எழுதுகிற தம்பி வேறு எதற்கு எழுதுவான்? பிரித்தால் நலம் விசாரிக்கிற வரிகூட இல்லை. முதல் வரியிலிருந்தே சத்தம்தான். ஒருவகையில் அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்கிறேன். தவறென்றால் திருத்து. விசா முடிந்து பிப்ரவரியில் கொழும்பிலிருந்து பாம்பனுக்கு வந்துவிட்டாய். ஓட்டல் பாண்டு குழுவில் வாசித்த நாலு தந்தி பேஸ் கித்தாரும், வால்வு வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயரும், இரண்டுக்கும் நடுவே காலால் மிதித்து இயக்குகிற ஒரு தகரப் பெட்டியும் கூடவே வந்தன. பெட்டியை மிதித்தால் ஓசை தடித்துப் பெருகும். மிதிக்காவிட்டால் கோவிலின் கடைசி வரிசைக்குக் கேட்காது. ஈஸ்டர் பூசையின் எழுந்தேற்றத்தில், சாமியார் அப்பத்தை உயர்த்தி, ஊரே மூச்சை அடக்கி மண்டியிட்டிருந்தபோது, உன் பெட்டி உஸ்ஸென்று இரைந்தது. பின்னால் சிரித்துவிட்டார்கள். ஊர்க் கமிட்டி உனக்கு ஜூன் 29, இராயப்பர் திருவிழா வரை தவணை கொடுத்திருக்கிறது. அன்றும் இரைந்தால் இனிக் கோவிலுக்குள் மின்சார வாத்தியமே கிடையாது. தீவில் உனக்கு வேறு மேடையும் கிடையாது.

சரிதானே?

பதில் தெரியாவிட்டாலும் தேடும் வழி தெரியும். கித்தாரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேள். பிறகு பெட்டியையும் கழற்றிவிட்டுக் கேள். வீட்டில் ஒரு முறை, கோவிலில் ஒரு முறை. ஓசையைக் கூட்டிக் குறைக்கும் எந்தத் திருகு எந்த அளவில் இருந்தது என்று குறித்துக்கொள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் குணமானது என்று தெரியாமல் போகும்.

தீவில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் யாரும் இல்லையா? என்னிடம் ஏன் கேட்டாய் என்பதையும் நீ எழுதவில்லை.

ஜெபமாலை

பாம்பன்
27.4.68

அன்புள்ள அக்காவுக்கு,

ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பெட்டியைத் திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரேடியாவே இல்லியேப்பா, இதுல எங்கன ஸ்டேசன் எடுக்கும்?" என்றார். அதனால்தான் உனக்கு எழுதினேன். வேறு காரணமும் இருக்கிறது. அதை எழுதத் தெரியவில்லை.

நீ சொன்ன சோதனைகளைச் செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்துவிட்டேன். கம்பியை மாற்றினேன், பெட்டியின் பாட்டரியை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரை மேசையிலிருந்து தரைக்கு இறக்கினேன். சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது. எதனால் என்று தெரியவில்லை. நீ திட்டுவது இங்கே கேட்கிறது.

எனக்குப் புரிந்த அளவில் சத்தம் மூன்று விதம். ஒன்று உஸ்ஸென்ற இரைச்சல், சட்டியில் மீன் பொரிகிற மாதிரி. இன்னொன்று திருகைத் தொட்டால் வருகிற கரகரப்பு. மூன்றாவது ம்ம்ம் என்று வண்டு மாதிரி ஒரு முனகல். அது கோவிலில் மட்டும்தான். வீட்டில் இல்லை.

திருகுகளின் அளவு கேட்டிருந்தாய். "கோவில்ல மெதுவா வாசிக்கணும்பா" என்று சாமியார் சொன்னதால் கித்தாரில் இருக்கும் திருகைக் கால்வாசிக்கு இறக்கிவைத்தேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். அதனால் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் முழுசாக ஏற்றிவிட்டேன்.

சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். வந்த அன்றே உப்புக்காற்றுக்குப் பயந்து பிளக், திருகு, பெட்டியின் உள்பக்கம் எல்லாவற்றிலும் சுறா எண்ணெய் தடவிவிட்டேன். நம் அய்யா மீன்பிடி வள்ளத்துக்குத் தடவுவாரே, அதே மாதிரி. ஒரே ஒரு தொந்தரவு, பூனைகள். நேற்று இரண்டு பூனைகள் ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. "ஒங்க கச்சேரிக்கு ஆளு வந்துருச்சு" என்று புஷ்பமேரி சிரிக்கிறாள். புஷ்பமேரி என் மனைவி. நீ பார்த்ததில்லை.

செபஸ்தியான்

இராமநாதபுரம்
2.5.1968

செபஸ்தியானுக்கு,

மரத்துக்கு எண்ணெய் நல்லது. பிளக்குக்கு விஷம். உப்பும் மணல் தூசியும் அந்த எண்ணெயில் ஒட்டிக் களிம்பாகியிருக்கும். நீ திருகைத் தொடும்போது கேட்கும் கரகரப்பு அந்தக் களிம்புதான். பள்ளிக்கூடச் சோதனைச்சாலையிலிருந்து ஒரு புட்டி ஸ்பிரிட் அனுப்புகிறேன்; பாம்பனிலிருந்து இங்கே படிக்க வரும் பெண்ணின் தகப்பனாரிடம் கொடுத்திருக்கிறேன். மெல்லிய துணியில் நனைத்து, துணியில் கறை வராதவரை துடை. பாட்டரியை முதலில் கழற்று. துடைத்து முடித்த பிறகு எதையும் தடவாதே. வாசிக்காத நேரத்தில் அரிசி போட்ட தகர டப்பாவில் மூடி வை. ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். பூனைகளும் போய்விடும்.

இனி அந்த உஸ். இது பெட்டியின் குறை இல்லை என்று நினைக்கிறேன். உன் பெட்டியில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு ஓடும் மின்சாரமே கொஞ்சம் இரைச்சலோடுதான் ஓடும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். அது எப்போதும் இருக்கிற ஒரு சிறிய அளவு. கித்தாரிலிருந்து வரும் ஓசையை நீ கால்வாசியாக்கி அதன் பக்கத்தில் நிறுத்தினாய். பிறகு இரண்டையும் சேர்த்துப் பெருக்கினாய். எது பாட்டு, எது இரைச்சல் என்று பெட்டிக்குத் தெரியாது. வருவதையெல்லாம் அது பெரிதாக்கும்.

ஆகவே தலைகீழாகச் செய். கித்தாரின் திருகை முழுதும் திற. பெட்டியைப் பாதிக்குக் கொண்டுவா. ஆம்ப்ளிஃபயரை, கடைசி வரிசைக்குப் போதுமான அளவுக்கு மட்டும் ஏற்று. மெதுவாக வாசிக்க வேண்டுமென்றால் விரலால் மெதுவாக வாசி.

முனகலைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. வீட்டில் இல்லாதது கோவிலில் இருக்கிறது என்றால், கோவிலில் என்ன இருக்கிறது?

பாட்டரியைப் பற்றி நீ எழுதியதைக் குறித்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்று. இதை மூன்றாவது முறை எழுத மாட்டேன்.

ஜெபமாலை

பாம்பன்
12.5.68

அன்புள்ள அக்காவுக்கு,

உஸ் போய்விட்டது! முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் நம்ப மாட்டாய். முக்கால்வாசி போய்விட்டது. கரகரப்பு அடியோடு போய்விட்டது. ஒரு நாளைக்கு ஒன்று என்று மூன்று நாள் செய்தேன். புஷ்பமேரியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். பூனைகளும் வேறு வீடு பார்த்துக்கொண்டன.

முனகல்தான் மிச்சம். எதனால் என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை கோவிலில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவில் வேலைகளைப் பார்க்கிற கோவில்பிள்ளை, பூட்டும் நேரமாயிற்று என்று விளக்குகளை அணைத்தார். முனகல் சட்டென்று நின்றது. போடச் சொன்னேன், வந்தது. அணைக்கச் சொன்னேன், நின்றது. "ஏம்ப்பா, ஒனக்கு வெளக்குல வெளயாட்டா?" என்று கேட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

போன வருடம் போட்ட டியூப்லைட்டுகள். நாலு இருக்கின்றன. நாலின் மேலும் சிவப்பு பெயிண்டில் "லூர்து நினைவாக. உபயம்: பெஞ்சமின்" என்று எழுதியிருக்கிறது. பெஞ்சமின் அண்ணனுக்கு இப்போது இரண்டு விசைப்படகு. ஊர்க் கமிட்டித் தலைவரும் அவர்தான். எனக்குத் தவணை கொடுத்தவரும் அவர்தான். அறுபத்துநாலு புயலில் தனுஷ்கோடிக்குப் போன அவர் மகன் லூர்து திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கோவில் திறந்திருக்கிற நேரமெல்லாம் அந்த நாலும் எரிய வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பட்டப்பகலிலும் எரியும்.

இப்போது சொல், எந்தத் திருகைத் திருப்புவது?

செபஸ்தியான்

இராமநாதபுரம்
16.5.1968

செபஸ்தியானுக்கு,

விளக்குக்கு மேலே பொருத்தியிருக்கும் சோக் என்ற கனமான கம்பிச்சுருளில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஓடுகிறது. அதைச் சுற்றிக் காந்தப்புலம் துடிக்கிறது. உன் கித்தாரில் தந்திகளுக்கு அடியில் இருப்பதும் ஒரு கம்பிச்சுருள்தான். தந்தி அசைந்தாலும் அதற்குக் கேட்கும், சோக் துடித்தாலும் கேட்கும். பெட்டி இரண்டையும் பெருக்குகிறது. நீ கண்டுபிடித்தது சரி. இப்போதுதான் ஒழுங்காகச் சோதித்திருக்கிறாய்.

இதில் திருப்புவதற்குத் திருகு எதுவும் இல்லை. பெஞ்சமின் அண்ணனிடம் போய் உள்ளதைச் சொல். பூசை நேரத்தில் மட்டும் அணைத்தால் போதும். பகல் ஒன்பது மணிக்கு ஜன்னல் வெளிச்சமே தாராளம். அவர் விவரம் தெரிந்த மனிதர். காரணத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்.

ஜெபமாலை

பாம்பன்
20.5.68

அக்கா,

நீ எழுதியதைப் புஷ்பமேரிக்கு வாசித்துக் காட்டினேன். "ஒங்க அக்கா ஊருல ஆளுகளே இல்லியா, எல்லாமே கணக்குத்தானா?" என்று கேட்டாள்.

லூர்துவுக்குக் கல்லறை கிடையாது. கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, பெஞ்சமின் அண்ணன் கோவிலுக்குள் போய் அந்த விளக்குகளுக்குக் கீழே நிற்கிறாராம். அவரிடம் போய், "உங்கள் மகன் என் கித்தாரில் முனகுகிறான், கொஞ்சம் அணையுங்கள்" என்று சொல்லச் சொல்கிறாய்.

உனக்குத் தெரியாது. நீ வருவதில்லை. அய்யாவை அடக்கம் செய்த பிறகு பாம்பனுக்கு வந்தாயா? அப்போது நான் கொழும்பில் இருந்தேன், வர முடியவில்லை. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். நீ இரயிலில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறாய்.

பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு நான் கொழும்புக்குப் போனபோது ஒரு வரி எழுதி அனுப்பினாய். "இந்த இரைச்சலுக்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்." அந்தத் தாளை வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தில் எழுதத் தெரியவில்லை என்றேனே, அது இதுதான். இரைச்சல் என்று எழுதியவளிடமே இரைச்சலுக்கு வழி கேட்கலாம் என்று தோன்றியது. வேடிக்கையாக எழுதலாம் என்று நினைத்தேன். வேடிக்கையாக வரவில்லை.

பெஞ்சமின் அண்ணனிடம் நான் சொல்ல மாட்டேன். கமிட்டி நிறுத்தினால் நிறுத்தட்டும்.

செபஸ்தியான்

இராமநாதபுரம்
6.6.1968

அன்புள்ள செபஸ்தியான்,

பதில் எழுதப் பதினேழு நாள் ஆகிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். புயலுக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் மக்களைத் தங்க வைத்தார்கள். வந்தவர்களின் பெயரை எழுதும் வேலை எனக்கு. பெஞ்சமின் அண்ணன் மூன்று நாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று நாளும் ஒரே பெயரைக் கேட்டார். மூன்று நாளும் நான் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, இல்லை என்று சொன்னேன். முதல் நாளே தெரியும், படிக்கத் தேவையில்லை என்று. ஆனாலும் படித்தேன். ஆகவே தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துதான், சொல்லிவிடு என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் தாங்குகிற மனிதர் என்று நினைத்தேன். அது தவறாக இருக்கலாம்.

மற்றதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. முனகலுக்கு ஒரு வழி தோன்றியிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் டியூப்லைட் இருப்பது தலைமையாசிரியை அறையில் மட்டும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் சோதனைச்சாலையின் கம்பிச்சுருளைக் கூட்டத்துக்குப் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து எடுத்துக்கொண்டு போனேன். முனகல் கேட்டது. சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன். ஒரு பக்கம் திரும்பும்போது பெரிதாயிற்று. கால் வட்டம் திரும்பியதும் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. இன்னும் திரும்பினால் மறுபடி வந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே திசை. நான் கையை நீட்டிக்கொண்டு அறைக்குள் சுற்றுவதைத் தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

விளக்கை அணைக்க வேண்டாம். நீ திரும்பு. கித்தாரை மாட்டிக்கொண்டு கோவில் முழுக்க நட. ஒவ்வோர் இடத்திலும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்று. எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நின்றால் முனகல் அடங்குகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் தரையில் குறி போடு. அப்படி ஓர் இடம் இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நாலு விளக்கு என்பதால் ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளலாம். தேடிப் பார்.

அக்கா

பாம்பன்
15.6.68

அன்புள்ள அக்காவுக்கு,

இடம் இருக்கிறது. ஆனால் அது பெண்கள் பக்கத்தில் இருக்கிறது!

வியாழக்கிழமை மத்தியானம் நீ சொன்னபடி சுற்றினேன். ஆண்கள் பக்கத்தில் எங்கே நின்றாலும் பாதிக்கு மேல் குறையவில்லை. சுவிட்சுப் பலகையும் கம்பிகளும் அந்தச் சுவரில்தான் ஓடுகின்றன. பாட்டுக்காரர்கள் நிற்கும் இடம் எல்லாவற்றிலும் மோசம். பெண்கள் பக்கம் மூன்றாவது தூணருகே, பக்கச் சுவரைப் பார்த்து நின்றால் அப்படியே அடங்கிவிடுகிறது. ஒரு சாண் திரும்பினால் திரும்ப வந்துவிடுகிறது. நான் நின்று கேட்டேன். கடல் கேட்டது. அவ்வளவு அமைதி.

நம் கோவிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். கலியாணத்தன்று மாப்பிள்ளைகூட அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டான். அங்கே உட்கார்ந்து திருவிழாவுக்குக் காகிதப்பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மாதா சபைத் தலைவி இன்னாசியம்மாள் பெரியம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், கருவாட்டுக் கொட்டகை வைத்திருக்கிறாரே.

"எலே செபஸ்தியான், எங்க பக்கம் ஒனக்கு என்னலே வேலை?"

"இங்கனதான் சத்தம் இல்ல, பெரியம்மா."

"பொம்பளைக பக்கத்தப் போயி சத்தம் இல்லைங்குற மொத ஆம்பள நீதாம்லே."

எல்லோரும் சிரித்தார்கள். "சேல எடுத்துத் தாரேன், கட்டிக்கிட்டு நில்லு" என்றாள் ஒருத்தி. "மீசைய என்னடி பண்ணுறது?" என்றாள் இன்னொருத்தி. நான் காரணத்தைச் சொன்னேன். விளக்கு என்றதும் யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சமின் அண்ணனிடம் சொல்ல மாட்டோம் என்று அவர்களாகவே சொன்னார்கள்.

கடைசியில் இன்னாசியம்மாள் பெரியம்மா முடிவு சொன்னார்: "தனி ஆம்பள நம்ம பக்கம் நிக்கப்படாது. வீட்டுப் பொம்பள ஒருத்தி கூட நிக்கணும். அப்பன்னா நில்லு." புஷ்பமேரி நிற்க முடியாது. பாட்டை எடுத்துக் கொடுப்பவளே அவள்தான். அதையும் சொன்னேன். "அப்ப ஒங்கக்காளக் கூப்புடு. டீச்சரு பக்கத்துல நின்னா சாமியாரும் வாயத் தொறக்க மாட்டாரு."

வருவாயா?

செபஸ்தியான்

இராமநாதபுரம்
19.6.1968

அன்புள்ள செபஸ்தியான்,

இடம் கிடைத்ததில் எனக்குள்ள சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சோதனை பலித்தது என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

நான் வர முடியாது. பூசைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. யாரோடும் சண்டை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, பிறகும் போகவில்லை. நம்புகிறேனா என்று என்னையே கேட்டால் பதில் சொல்ல நேரமாகிறது. அப்படிப்பட்டவள் திருவிழாவன்று நடுக்கோவிலில் வந்து நின்று மண்டியிடுவது போலப் பாவனை செய்தால், அது உன் பெட்டியின் சத்தத்தைவிடப் பெரிய இடைஞ்சல். அதோடு, எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

சின்னம்மா மகள்களில் ஒருத்தியைக் கேட்டுப் பார். வீட்டுப் பெண் என்றால் அவளும் வீட்டுப் பெண்தானே.

அக்கா

பாம்பன்
24.6.68

அன்புள்ள அக்காவுக்கு,

நம்புகிறவர்கள் நானூறு பேர் வருவார்கள். சத்தம் வந்தால் என்ன செய்வதென்று தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும்போது பெட்டியை நிறுத்திவிட்டால் மிச்சமிருக்கும் உஸ்ஸும் இருக்காது. ஆனால் பெட்டியை மிதிக்கக் காலைத் தூக்கினால் உடம்பு திரும்பிவிடுகிறது, உடனே முனகல் வந்துவிடுகிறது. நாலு முறை பார்த்தேன். அதனால் பெட்டியை வேறொருவர் கையால் அழுத்த வேண்டும். மணிக்கு முன்னால் அழுத்தி, அடுத்த பாட்டுக்கு முன்னால் மறுபடி அழுத்த வேண்டும். சின்னம்மா மகள்கள் பெட்டியைப் பார்த்தாலே ஷாக் அடிக்கும் என்று ஓடுகிறார்கள்.

பாவனை செய்ய வேண்டாம். தூணுக்குப் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்திரு.

செபஸ்தியான்

இராமநாதபுரம்
28.6.1968, மாலை

அன்புள்ள செபஸ்தியான்,

இந்தக் கடிதம் நாளைக்குள் உன் கைக்கு வராது. ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு யோசிக்க வருகிறது.

நாளை சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. வர முடியாததற்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. காலை வண்டியில் ஏறினால் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடலாம். சேலையை எடுத்து வைத்திருக்கிறேன். எடுத்து வைத்ததனால் கிளம்புவேன் என்று பொருள் இல்லை.

கிளம்பினாலும் பல விதத்தில் கெட்டுப்போகலாம். ஆட்கள் நெருக்கியடித்தால் நீ நிற்கும் கோணம் மாறும். திருவிழாவுக்கென்று புதிதாகச் சீரியல் விளக்கு கட்டியிருந்தால் நம் கணக்கெல்லாம் வீண். மின்சாரமே போய்விடலாம். வெறும் கோவிலில் அடங்கியது, ஆட்கள் நிறைந்த கோவிலிலும் அடங்குமா? தெரியாது. பெஞ்சமின் அண்ணன் என்னைப் பார்த்தால் என்ன கேட்பார்? அதுவும் தெரியாது.

29.6.1968, பாம்பன், பிற்பகல்

உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ உள்ளே தூங்குகிறாய். காலையிலிருந்து ஐம்பது பேராவது வந்து உன்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நாம் தனியாகப் பேச நேரம் வரவில்லை. வந்திருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன். நீ பூசை முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றாய்; உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்கிறேன்.

சீரியல் விளக்கு வெளியே மட்டும்தான் கட்டியிருந்தார்கள். உள்ளே நாலு டியூப்லைட்டும் எரிந்தன. பெண்கள் உன்னைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான் தூணில் சாய்ந்து நின்றபோது இன்னாசியம்மாள் பெரியம்மா, "நல்லாச் சாஞ்சு நில்லுத்தா, தூணு ஒண்ணும் கடிக்காது" என்றார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். முதல் பாட்டு வரையில்தான் பார்த்தார்கள். பிறகு உன் கித்தாரைக் கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு கிழவர் முழங்காலில் தாளம் போட்டார். புஷ்பமேரியின் குரலுக்கு அடியில் உன் ஓசை, கரைக்கு அடியில் கிடக்கும் பாறை போல இருந்தது. உவமை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. வேறு சொல் கிடைக்கவில்லை.

எழுந்தேற்ற மணிக்கு முன்னால் பெட்டியை அழுத்தினேன். உஸ் இல்லை. முனகல் இல்லை. வெளியே கச்சான் காற்று, ஒரு குழந்தையின் இருமல், அவ்வளவுதான். நானூறு பேர் இருக்கும் இடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

அடுத்த பாட்டின் முதல் அடியில் உன் ஓசை வெளியே கேட்கவில்லை. பெட்டி பழுதாகிவிட்டது என்று நீ பயந்தது உன் கழுத்து விறைத்ததிலேயே தெரிந்தது. பெட்டியில் பழுது இல்லை. நான் அழுத்த மறந்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் மண்டியிட்டிருந்தேன். ஏன் என்று கேட்காதே. பாவனை இல்லை என்பது மட்டும் உறுதி.

பூசை முழுக்கப் பெஞ்சமின் அண்ணன் தன் இடத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். நான் பயந்த கேள்வியை அவர் கேட்கவில்லை.

"கோவில்பிள்ள எல்லாஞ் சொல்லிட்டான்த்தா. எனக்கு ஒரு மாசமாத் தெரியும்," என்றார். "சத்தம் கேட்டா அணைச்சுப்புடுவோம்னுதான் அங்கன நின்னேன். ரெண்டு தடவ கையக் கொண்டுபோனேன். கை அமுக்க மாட்டேங்குது."

"அணைக்க வேண்டாம் அண்ணே. அவன் நிக்கிற இடத்துல கேக்கல."

"கேக்கலதான்," என்றார். கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தார். "கிறிஸ்துமஸுக்கும் அங்கனயே நிக்கட்டும். கமிட்டியில நான் சொல்லிக்கிடுறேன். ஆனா அந்தப் பய மொகத்தப் பாக்க முடியலியே, செவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

அவரிடம் சொல்லாமல் இருந்தது நம் இருவரில் யார் யோசனை என்று நினைத்துப் பார்த்தேன். உன் யோசனை. சொல்லிவிடு என்றது நான். அவருக்குத் தெரிந்தே இருந்தது. யார் சொன்னது சரி என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

இன்னொன்று. 1957இல் நான் எழுதிய வரி. அதை எழுதும்போது நீ வாசித்து ஒரு முறைகூட நான் கேட்டிருக்கவில்லை. சோதனை செய்யாமல் முடிவு எழுதுகிற மாணவிக்கு நான் சுழி போடுவேன். அந்தத் தாள் இன்னும் உன்னிடம் இருந்தால் அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டு, தவறு என்று எழுதி, என் பெயரை எழுதிக்கொள். கேட்டால் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

மூன்று மணி வண்டி இப்போதுதான் போயிற்று. அடுத்தது நாளைக் காலையில். புஷ்பமேரியிடம் சொன்னேன். "அது எனக்கு அப்பமே தெரியும் மதினி" என்று சொல்லிவிட்டு உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டாள்.

அக்கா